கடல் பெட்டியை ஏரிக்கு எடுத்துப் போகலாமா? – தூண்டில் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அண்ணாச்சி. நானும் தூத்துக்குடிக்காரன்தான், பதினெட்டு வருஷமாக பெங்களூரு ஜீவன் பீமா நகரில் இருக்கிறேன். லீவுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் பாரை, ஊளி, சீலா என்று கடல் மீன்களுக்காக வாங்கிச் சேர்த்த லூர் (செயற்கை இரை) ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. வருகிற மார்ச்சில் அமெரிக்காவில் டல்லாஸ் பக்கம் இருக்கும் மகன் வீட்டுக்கு மூன்று மாதம் போகிறேன். அங்கே ஏரியில் பாஸ் மீன் பிடிக்கலாமாம். ஆனால் 'அப்பா, அந்தக் கடல் சாமான் எதுவும் இங்கே ஆகாது, வந்து புதுசா வாங்கிக்கலாம்' என்கிறான். உண்மைதானா?
– ஜீவன் பீமா நகர் வாசகர்

பதில்: பாதி உண்மை அண்ணாச்சி. கனமான சாமான் அங்கே ஆகாது என்ற அளவில் தம்பி சொல்வது சரி. மற்றபடி உங்கள் பெட்டியில் மூன்றில் ஒரு பங்கு அப்படியே ஆகும், இன்னொரு பங்கு தூண்டில் முள்ளை மாற்றினால் ஆகும், மிச்சத்தை ஊரிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

முதலில் மீனைத் தெரிந்துகொள்வோம். ஹோட்டல் மெனுவில் 'சீ பாஸ்' என்று போட்டு நம் கொடுவாவைத் தருகிறார்களே, அதற்கும் இதற்கும் பெயரைத் தவிரச் சொந்தம் எதுவும் இல்லை. அங்கே ஏரியில் நீங்கள் தேடப் போவது லார்ஜ்மவுத் பாஸ், சன்ஃபிஷ் குடும்பத்து நன்னீர் மீன். ஆனால் குணத்தில் கொடுவாவேதான்: மரக்கட்டை, பாசி, பாலத்தூண் என்று ஏதாவது ஒரு மறைவில் அசையாமல் நின்று, இரை கிட்டே வந்ததும் வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உள்ளே இழுக்கும். வாயை மூடியிருக்கும்போது பாருங்கள், மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். அந்த வாய்க்குள் ஊளிக்கு இருப்பது போன்ற கத்திப்பல் கிடையாது, உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு மட்டும்தான். அதனால் பெட்டியில் இருக்கும் கம்பி லீடர் (லூருக்கு முன்னால் கட்டும் துண்டு) அத்தனையையும் வீட்டிலேயே வைத்துவிடலாம். தெளிந்த ஏரித் தண்ணீரில் கம்பி பளிச்சென்று தெரியும், லூரின் ஆட்டத்தையும் கெடுக்கும்.

அடுத்தது இரை. கடல் சாமான் அங்கே ஆகும் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணமே இதுதான். டெக்சாஸின் பெரிய ஏரிகளில் பாஸ் விரட்டித் தின்னும் முக்கியமான இரைகளில் ஒன்று ஷாட் என்கிற வெள்ளிப்பொடி மீன். அது நம் சாளைக்குச் சொந்தக்கார மீன். தட்டையான உடம்பு, பக்கவாட்டில் வெள்ளி மினுக்கு, கூட்டமாகத் திரும்பும்போது ஒரே நேரத்தில் பளீரென்று அடிக்கும் ஒளி எல்லாம் அப்படியே சாளைதான். சாளை மாதிரி செய்து கடலில் வீசும் லூர், ஏரிக்குப் போனால் ஷாட் மாதிரி ஆகிவிடுகிறது. மேலே வரும் பாஸுக்கு அது கடலுக்குச் செய்ததா ஏரிக்குச் செய்ததா என்பது தெரியப் போவதில்லை.

இப்போது பெட்டியைத் திறங்கள். இரும்பு ஜிக்குகளில் (மூழ்கும் கன லூர்) 20, 30 கிராம் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள், 60 கிராமும் அதற்கு மேலும் வேண்டாம். வெயில் ஏறும் மே மாதக் கடைசியில் ஷாட் கூட்டம் ஆழத்துக்கு இறங்கும்போது பாஸும் கீழேயே போகும், அப்போது படகிலிருந்து நேர் கீழே விட்டுத் தட்டித் தட்டி இறக்க அந்தச் சின்ன ஜிக் அருமையான சாமான். ஏற்றும்போது அடிப்பதை விட, தளர்ந்து பம்பரம் மாதிரி கீழே இறங்கும்போதுதான் அதிகம் அடிக்கும், நரம்பை (தூண்டில் நூலை) கண்ணால் பார்த்துக்கொண்டே இருங்கள். மான்வால் முடி கட்டிய ஈயத்தலை ஜிக் இருந்தால் அதையும் எடுங்கள், 10 முதல் 14 கிராமுக்குள். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் ஸ்ட்ரைப்டு பாஸ் என்கிற கடல் மீனுக்காகத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவந்த சாமான் அது. பிளாஸ்டிக் வால் இழுத்தால்தான் ஆடும், முடி சும்மா நின்றாலே மூச்சு விடுகிற மாதிரி விரிந்து சுருங்கும். குளிர்ந்த தண்ணீரில், மீன் மந்தமாக இருக்கும்போது, அதற்கு ஈடு இல்லை என்பது என் அபிப்பிராயம்.

வால் ஆடும் ரப்பர் மீன்களில் 4 அங்குலத்துக்கு உட்பட்டவை எல்லாம் போகலாம், ஈயத்தலையை மட்டும் 7 அல்லது 10 கிராமுக்கு இறக்குங்கள். ராப்பாலா மாதிரியான மின்னோக்களை (குஞ்சு மீன் வடிவ லூர்) பற்றிக் கேட்கவே வேண்டாம், அது முதலில் ஏரியில் பிறந்து அப்புறம் கடலுக்கு வந்தது. 1936-ல் பின்லாந்தில் லாரி ராப்பாலா என்கிற மீனவர், கூட்டத்தில் அடிபட்டுச் சாய்ந்து நீந்தும் குஞ்சைத்தான் பெரிய மீன் குறிவைக்கிறது என்று கவனித்துத் தக்கைக்கட்டையில் செதுக்கினார், சாக்லேட் சுற்றிய ஈயத்தாளை மேலே ஒட்டினார். நாம் பாரைக்கு வீசிக்கொண்டிருப்பது அந்த ஏரிச் சாமானைத்தான்.

ஒரு விஷயம் மட்டும் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். கடல் தண்ணீர் கனம், ஏரித் தண்ணீர் லேசு. வித்தியாசம் சுமார் இரண்டரை சதவீதம்தான், ஆனால் தண்ணீருக்கு நடுவில் அப்படியே நிற்க வேண்டும் என்று செய்த லூருக்கு அந்த இரண்டரை சதவீதம் பெரிய விஷயம். கடலில் சமமாக நின்ற 20 கிராம் லூர் ஏரியில் அரை கிராம் கனத்தோடு மெல்ல இறங்கும். நான் இதை பால்கனியில் வைத்துப் பார்த்தேன். பத்து லிட்டர் வாளியில் காவிரித் தண்ணீர் பிடித்து, கடலுக்கு வாங்கிய ஒரு மின்னோவை விட்டேன், மூக்கைக் கீழே குத்திக்கொண்டு நிதானமாக அடியில் போய்ப் படுத்தது. அப்புறம் 350 கிராம் கல்லுப்பை அளந்து கொட்டிக் கரண்டியால் கலக்கி, உப்பு முழுக்கக் கரைந்த பிறகு மறுபடி விட்டேன். வாளியின் பாதி ஆழத்தில் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல், தராசு முள் மாதிரி நின்றது. கிளம்பும் முன்பு உங்கள் மின்னோ ஒவ்வொன்றையும் இப்படிச் சாதாரணத் தண்ணீரில் விட்டுப் பார்த்துவிடுங்கள். இறங்குகிறதை அப்படியே விடாமல், தடித்த கடல் முள்ளைக் கழற்றி மெல்லிய முள் போடுங்கள், பெரும்பாலும் அந்த ஒரு மாற்றத்திலேயே சரியாகிவிடும்.

முள்ளை மாற்றும்போது இன்னொரு காரியமும் செய்யுங்கள். மூன்று முனை முள்ளுக்குப் பதில் ஒற்றை முள் போடும் பழக்கம் கடல்காரர்களிடம் நிறைய உண்டு, அதை ஏரிக்கும் கொண்டு போங்கள். கட்டையிலும் பாசியிலும் மாட்டுவது குறையும், மீனைத் திருப்பி விடும்போது அதன் செவுளும் கண்ணும் தப்பிக்கும்.

ரீல் 4000, 5000 அளவு வேண்டாம், 2500 அல்லது 3000 போதும். பெரிய ரீலின் கனத்தைக் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் தூக்கி வீசினால் மணிக்கட்டு போய்விடும். பிரெய்டு (பின்னல்) நரம்பு 20 பவுண்டு தாங்குவது, முனையில் ஃப்ளோரோகார்பன் லீடர் 12 பவுண்டு. கட்டைகள் நிறைந்த இடமென்றால் இரண்டையும் தடிப்பாக்குங்கள்.

இனி கைப்பழக்கம். மாற்றிக்கொள்ளக் கஷ்டமான விஷயம் இதுதான். சீலாவுக்கு இழுத்த வேகத்தில் இழுத்தால் பாஸ் பார்த்துக்கொண்டே இருக்கும், வராது. (சென்னை வாசகர்கள் குழம்ப வேண்டாம், நாங்கள் சீலா என்பது உங்கள் வஞ்சிரம்.) இரண்டு இழு, நிறுத்து, மனசுக்குள் ஐந்து வரை எண்ணு. தண்ணீர் மேல் சத்தம் போட்டு வரும் பாப்பர் லூரும் அப்படியே. கடலில் விடாமல் அடித்துக்கொண்டே வருவோம், ஏரியில் ஒரு அடி அடித்துவிட்டு அந்த வட்ட அலை கரையும் வரைக்கும் சும்மா இருக்க வேண்டும், அலை அடங்கிய அந்த நொடியில்தான் வாய் திறக்கும். மாட்டிய பிறகும் பாரை மாதிரி நூறு மீட்டர் ஓடாது, ஓடினால் நேராகப் பக்கத்துக் கட்டைக்குள்தான், முதல் மூன்று நொடியில் தலையைத் திருப்பிவிட வேண்டும். அப்புறம் மேலே வந்து வாயைத் திறந்து தலையை உதறித் துள்ளும். கம்பை உயர்த்தினால் லூரை நம் பக்கமே துப்பிவிடும். கம்பு நுனியைத் தண்ணீருக்குக் கிட்டே தாழ்த்தி நரம்பு தளராமல் பிடியுங்கள்.

எங்கே வீசுவது? ஊரில் நாம் நீவாடு (நீரோட்டம்) பார்த்து, ஏற்றமா வற்றமா என்று கேட்டு, காற்று வாடையா கச்சானா என்று தெரிந்துகொண்டுதான் கிளம்புவோம். ஏரியில் ஏற்றவற்றம் கிடையாது. ஆனால் காற்று உண்டு. ஒரே திசையில் இரண்டு நாள் அடித்த காற்று மிதக்கும் நுண்ணுயிரை ஒரு கரைக்குத் தள்ளும், அதன் பின்னால் ஷாட் போகும், அதன் பின்னால் பாஸ் போகும். அணைக்கட்டில் தண்ணீர் திறந்துவிடும் நேரத்தில் ஒரு நீவாடே உண்டாகும். அதைப் பார்க்கத் தெரிந்த கண் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, மறைவைப் பார்ப்பது மட்டும்தான் புதிதாகச் சேர வேண்டியது. டல்லாஸுக்குக் கிழக்கே லேக் ஃபோர்க் என்று ஒரு ஏரி இருக்கிறது, மூழ்கிய மரங்கள் நின்றபடியே இருக்கும் இடம். டெக்சாஸ் மாநிலத்தின் மிகப் பெரிய பாஸ், 18.18 பவுண்டு, 1992 ஜனவரியில் அங்கேதான் வந்தது. தம்பியிடம் சொல்லி ஒரு நாளாவது போய்விட்டு வாருங்கள்.

ஒரு வேண்டுகோள். நீங்கள் போகும் மார்ச், ஏப்ரல் அங்கே பாஸ் முட்டையிடும் காலம். தண்ணீர் சுமார் 16 டிகிரியைத் தாண்டியதும் ஆண் மீன் கரையோரம் தரையைத் துடைத்து வட்டக் கூடு கட்டும், பெண் முட்டையிட்டுவிட்டுப் போனதும் தகப்பன்தான் காவல். கூட்டின் மேல் எது விழுந்தாலும் கடிக்கும், பசிக்காக இல்லை. அதைப் பிடித்துப் பத்து நிமிஷம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தால், திருப்பி விடுவதற்குள் சின்ன மீன்கள் முட்டையைக் காலி செய்துவிடும். பிடித்தால் உடனே, பிடித்த அதே இடத்தில் விடுங்கள். மாநில மீன்பிடி லைசென்ஸ் எடுக்காமல் கம்பைத் தொட வேண்டாம், நீளக் கணக்கும் எண்ணிக்கைக் கணக்கும் ஏரிக்கு ஏரி மாறும், அதையும் பார்த்துவிடுங்கள். லூர் பெட்டியைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டிக்குள் வையுங்கள்.

கேள்வி: எங்கள் கம்பெனியின் அமெரிக்க ஆபீஸில் இருக்கும் நண்பர் ஒருவர், குடைக்கம்பி மாதிரி ஐந்து கம்பி விரிந்து ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் மீன் தொங்கும் சாமானைக் காட்டினார். அலபாமா ரிக் என்றார். இதுவும் கடலில் இருந்து வந்ததுதானா சார்?
– கே.ஆர். புரம் வாசகர்

பதில்: ஆமாம். அட்லாண்டிக் கரையில் ஸ்ட்ரைப்டு பாஸுக்காகப் படகுக்குப் பின்னால் கட்டி இழுக்கும் 'அம்ப்ரெல்லா ரிக்' அதன் தாய். அதையே சின்னதாக்கி, கையால் வீசும் எடைக்குக் கொண்டுவந்தார்கள். 2011 அக்டோபரில் அலபாமா மாநிலத்து கன்டர்ஸ்வில் ஏரிப் போட்டியில் பால் இலியாஸ் இதை வைத்து ஜெயித்தார், நான்கு நாளில் 100 பவுண்டுக்கு மேல். அதன் பிறகு கடைகளில் இதற்கு அடிதடி. அடுத்த வருஷமே பாஸ்மாஸ்டர் என்கிற பாஸ் பிடிக்கும் போட்டித் தொடரின் பெரிய போட்டிகளில் தடை போட்டார்கள். சில மாநிலங்களில் ஐந்து கம்பியிலும் முள் வைக்கக் கூடாது, இத்தனைதான் என்று கணக்கு உண்டு.

ஒரு மீனைத் தின்ன வரும் மீனுக்கு முன்னால் ஒரு சின்னக் கூட்டத்தையே ஓட விடுவதுதான் அதன் சூட்சுமம், நடு ரப்பர் மட்டும் கொஞ்சம் பெரிதாகவோ வேறு நிறமாகவோ இருந்தால் அதையே குறிவைத்து அடிக்கும். எனக்கு அதில் விருப்பம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே வீச்சில் இரண்டு மூன்று மீன் மாட்டினால் ஒன்றின் முள் இன்னொன்றின் உடம்பில் கிழிக்கிறது. நடுவில் ஒன்றில் மட்டும் முள் வைத்து மற்ற நான்கையும் வெறும் ரப்பராக விட்டாலும் மீன் வருகிறது. உங்கள் நண்பரிடம் அதைச் சொல்லுங்கள்.

கேள்வி: அமெரிக்கா எல்லாம் வேண்டாம், இங்கேயே விராலுக்குக் கடல் பாப்பர் வீசலாமா? கனகபுரா ரோட்டில் காசு கட்டிப் பிடிக்கும் ஒரு குளத்துக்குப் போகிறேன், நான்கு வாரமாக விரால் வந்து அடிக்கிறது, ஆனால் மாட்டவே இல்லை.
– பனசங்கரி வாசகர்

பதில்: பாஸுக்குச் செய்த சாமானில் நம் ஊருக்கு நேராகப் பொருந்துவது ரப்பர் தவளைதான், பாப்பரை விட்டுவிடுங்கள். பாப்பரின் மும்முனை முள் ஒவ்வொரு வீச்சிலும் பாசியை அள்ளிக்கொண்டு வரும். தவளைக்கு இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டி மேலே பார்த்திருப்பதால் பாசி மேலேயே நடந்து வரும்.

மாட்டாததற்குக் காரணம் உங்கள் கைதான் என்று நினைக்கிறேன். பாரை அடித்ததும் வெட்டி இழுத்துப் பழகியவர்கள் தண்ணீர் வெடித்த சத்தம் கேட்டதுமே கம்பைத் தூக்கிவிடுவார்கள், தவளை காற்றில் பறந்து வந்து நம் காலடியில் விழும். வெடித்ததும் ஒன்றும் செய்யாதீர்கள். தவளை கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். மறைந்திருந்தால் ஒரு மூச்சு விட்டு, நரம்பில் கனம் ஏறுவது கைக்குத் தெரிந்த பிறகு பலமாக ஒரே வெட்டு. விராலின் தாடை எலும்பு, பாஸை விடக் கடினம், அதற்குப் பல்லும் உண்டு, எனவே 40 பவுண்டு பிரெய்டும் நீளம் குறைந்த தடித்த கம்பும் வேண்டும்.

விரால் செவுளால் மட்டும் மூச்சு விடுவதில்லை, காற்றுக் குடிக்க மேலே வந்தே ஆக வேண்டும். அது வந்துபோன இடத்தில் ஒரு சின்னக் கொப்புளம் நிற்கும். அதற்கு ஒரு கை தள்ளி, அது போகும் திசையில் போடுங்கள், தலைமேல் போட்டால் மிரண்டுவிடும்.

ஆனால் தண்ணீர் மேல் செந்நிறத்தில் ஒரு பந்து மாதிரி பொடிக்குஞ்சுகள் கூட்டமாகக் கொதித்துக்கொண்டே நகர்ந்தால், அங்கே வீசாதீர்கள். அடியில் தாயும் தகப்பனும் காவலுக்கு நிற்கும், எதைப் போட்டாலும் பாய்ந்து அடிக்கும். அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் அந்தப் பந்து சாயங்காலத்துக்குள் இல்லாமல் போய்விடும். அதைப் பிடித்துப் பெருமையாகப் போட்டோ போடுகிறவர்களை நான் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது. குளத்துக்காரரிடம் சொல்லி அந்த மூலையை ஒரு மாதம் விடச் சொல்லுங்கள். பெங்களூருவின் பொது ஏரிகளிலும் நினைத்தபடி வீச முடியாது. பல ஏரிகளில் மீன் குத்தகைக்குப் போயிருக்கும், வலைபோட்டுப் பிழைப்பவர்கள் பணம் கட்டி எடுத்தது அது, கேட்டுவிட்டு இறங்குங்கள்.

கேள்வி: என் பன்னிரண்டு வயசு மகன் பாஸ் வீடியோக்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். எங்கிருந்தாவது பாஸ் குஞ்சு வரவழைத்து எங்கள் அப்பார்ட்மென்ட் பின்னால் இருக்கும் ஏரியில் விட்டால் இரண்டு வருஷத்தில் பெங்களூருவிலேயே பிடிக்கலாமே என்கிறான். நான் கூடாது என்கிறேன், காரணம் சொல்லத் தெரியவில்லை.
– ஹெப்பால் வாசகி

பதில்: நீங்கள் சொன்னதுதான் சரி சகோதரி. காரணத்துக்கு ஜப்பான் கதையைச் சொல்லுங்கள், பையனுக்குப் பிடிக்கும். உலகச் சாதனை பாஸ் இரண்டு. ஒன்று 1932 ஜூன் 2-ல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெரி பிடித்தது, 22 பவுண்டு 4 அவுன்ஸ். இன்னொன்று 2009 ஜூலை 2-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்தது. முன்னதை விட ஒரு அவுன்ஸுக்கும் குறைவாகவே கூடுதல், சாதனையை முறியடிக்க 2 அவுன்ஸ் வேண்டும் என்பது விதி, அதனால் இருவரும் சமம். பையன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்ததைச் சொல்லுங்கள்: ஜப்பானில் முதலில் பாஸ் கிடையவே கிடையாது. 1925-ல் ஆஷி ஏரியில் கொண்டுவந்து விட்டார்கள். அது ஏரி ஏரியாகப் பரவியது. பிவா ஏரியில் மட்டுமே வாழும் நிகோரோபுனா என்கிற கெண்டையைச் சோற்றில் புளிக்க வைத்து ஃபுனாசூஷி செய்வது அந்த ஊரின் பழைய பழக்கம். கரையோர நாணல் அழிந்ததோடு பாஸும் புளூகில் என்கிற இன்னொரு வெளிநாட்டு மீனும் சேர்ந்து குஞ்சுகளைத் தின்றதில் அந்தக் கெண்டை குறைந்துபோனது. 2005-ல் ஜப்பான் அரசே பாஸை ஆபத்தான அயல் இனமாக அறிவித்தது. பிவா ஏரியில் இன்றைக்குப் பாஸ் பிடித்தால் திருப்பி விடக் கூடாது என்று சட்டம்.

நம்மிடமும் உதாரணம் இருக்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கக் கூடாது என்று 2000-லேயே தடை வந்தது, ஆனாலும் அது தண்ணீருக்குள் போய்விட்டது, இனி யாரால் திருப்பி எடுக்க முடியும்? உங்கள் ஏரியில் இருக்கும் விராலையும் கெண்டையையும் குரவையையும் பையனுக்குக் காட்டுங்கள். விடுமுறையில் ஏதாவது காசு கட்டும் குளத்துக்குக் கூட்டிப்போய் ஒரு ரப்பர் தவளையைக் கையில் கொடுங்கள். அதன் பிறகு பாஸ் பற்றிப் பேசுகிறானா என்று எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: ராமேஸ்வரத்தில் வீசிய ரீலை அப்படியே ஏரியில் பயன்படுத்தினால் ஏதாவது ஆகுமா?
– அல்சூர் வாசகர்

பதில்: ஏரிக்கு ஒன்றும் ஆகாது, ரீலுக்குத்தான் ஆகும். கடலில் இருந்து வந்த அன்றைக்கே டிராக் குமிழை (நரம்பு ஓடும் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு) இறுக்கிவிட்டு, வேகமாகப் பீய்ச்சாமல் மெல்லிய தண்ணீரில் கழுவி, நிழலில் காயவிட்டு, அப்புறம் குமிழைத் தளர்த்தி வையுங்கள். நரம்பையும் ஒரு இரவு வாளித் தண்ணீரில் ஊறப் போடுங்கள், ஸ்பூலின் (நரம்பு சுற்றும் உருளையின்) அடிச்சுற்றில்தான் உப்பு உட்கார்ந்திருக்கும்.